பள்ளியும் பள்ளிக்கூடமும்

'பள்ளி' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. துயிலும் இடம் பள்ளி, சிற்றூர் பள்ளி, சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடமும் பள்ளியே. அத்துறவியர்க்கு அரசரும் வணிகரும் விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'பள்ளிச்சந்தம்' என்று வழங்குகின்றன. குகைகளிலும் ஊர்ப்புறங்களிலும் தங்கிய துறவியரிடம் ஊர்ப் பிள்ளைகள் சென்று எழுத்தும் எண்ணும் பயின்றமையால், கற்கும் இடத்திற்கே 'பள்ளிக்கூடம்' என்னும் பெயர் அமைந்தது என்பர் அறிஞர். இசுலாமியர் தம் தொழுமிடத்தைப் 'பள்ளிவாசல்' என்று அழகிய தமிழால் அழைப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வழிபாட்டிற்கும் கல்விக்கும் ஒரு சொல்லையே இம்மொழி வைத்திருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று.

இந்நாளில் இவ்விரண்டும் வெவ்வேறாகப் பிரிந்து நிற்கின்றன. தேவாரப் பாடசாலை, வேத பாடசாலை, திவ்வியப் பிரபந்தப் பாடசாலை என்பன ஒருபுறம். கணக்கும் அறிவியலும் கணிப்பொறியும் கற்பிக்கும் பள்ளிகள் மற்றொருபுறம். முன்னவற்றில் பயிலும் பிள்ளையின் எதிர்காலம் யாது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். பின்னவற்றில் பயிலும் பிள்ளைக்குத் தன் ஊர்க் கோயிலின் பெயர்க் காரணமும் தெரியவில்லையே என்று பெரியோர் வருந்துகின்றனர். இரண்டு கவலையும் மெய்யானவையே. சமயக் கல்விச்சாலைகள் முன்னாளில் என்ன செய்தன, எதனைச் செய்யத் தவறின, இனி என்ன செய்தல் கூடும் என்பதை அன்பர்கள் ஆராய்ந்து காணுதல் நலம்.

கோயில் வளர்த்த கல்லூரி

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அங்கு நடைபெற்ற கல்லூரியின் அமைப்பைக் கணக்கோடு கூறுகிறது. மாணவர் 340 பேர். அவருள் 270 பேர் இளநிலையினர். 70 பேர் முதுநிலையினர். ஆசிரியர் 14 பேர். இளநிலை மாணவருள் இருக்கு வேதம் ஓதுவோர் 75 பேர், எசுர் வேதம் ஓதுவோர் 75 பேர், இலக்கணம் பயில்வோர் 40 பேர். எஞ்சியோர் பிற வேதப் பிரிவினர். முதுநிலையில் வியாகரணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும் கற்பிக்கப்பெற்றன. இளநிலை மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நெல் ஆறு நாழி. முதுநிலையினர்க்கு ஒரு குறுணி இரு நாழி. கல்விக்கு மாணவன் பொருள் தருவதில்லை. கல்வி பெறும் மாணவனுக்குக் கோயில் நெல் அளந்தது.

காஞ்சிக்கு அண்மையில் உள்ள திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இதனினும் சுவையுடையது. ஆங்குக் கோயிலைச் சார்ந்து பாடசாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கை கொண்ட மருத்துவச் சாலையும் இருந்தன. விடுதி மாணவர்க்குப் படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை முழுக்கிற்கு எண்ணெய் என இவற்றுக்கெல்லாம் நிவந்தம் வகுக்கப்பட்டது. பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வேண்டும் என்பதையும் நினைந்து கல்லில் வெட்டுவித்தவர்களின் உள்ளத்தை எண்ணும்போது வியப்பு மிகுகிறது. திருவாவடுதுறையில் 1121ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டோ, மருத்துவ நூல்களாகிய சரக சங்கிதையும் அட்டாங்க இருதயமும் பயில்வோர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. ஆகவே, சமயச் சார்புடைய கல்விச்சாலை என்றால் மந்திரமும் தோத்திரமும் மட்டுமே கற்பிக்கும் இடம் என்னும் எண்ணம் வரலாற்றோடு பொருந்துவதன்று.

இவற்றைக் கூறிப் பெருமிதம் கொள்வோர், இரு செய்திகளை மறைத்தல் ஆகாது. எண்ணாயிரத்துக் கல்லூரியின் பாடப் பட்டியலில் தமிழ் இலக்கணத்துக்கு ஓரிடம் இல்லை. தமிழ் நாட்டில், தமிழரசன் ஆட்சியில், தமிழர் விளைத்த நெல்லால் நடந்த கல்லூரியின் நிலை இது. மற்றொன்று, வேதம் ஓதும் குலத்தாரல்லாத பிள்ளைக்கு அங்கு வாயில் திறக்கவில்லை. அதே காலத்தை ஒட்டித் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் பாடுதற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை, கொட்டி மத்தளம் முழக்க இருவரையும் நியமித்தான் என்பது ஓர் ஆறுதல்.

திருமடத்தில் ஒரு மாணவர்

கல்வெட்டுக் காலத்தை விட்டுச் சென்ற நூற்றாண்டுகளுக்கு வருவோம். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆதீன வித்துவானாக விளங்கினார். அவரிடம் 1871ஆம் ஆண்டில் மாணவராகச் சேர்ந்தவர் உத்தமதானபுரம் சாமிநாதையர். தந்தையார் இசைவாணர், பொருள் வளம் இல்லாத குடும்பம். அக்காலத்தில் கட்டணம் செலுத்திக் கல்லூரியில் கற்றல் இவரைப் போன்றோர்க்கு எட்டாக்கனி. மடத்திலோ பாடமும் ஊணும் ஒருங்கே கிடைத்தன. சைவ மடத்தில் சுமார்த்த அந்தணர் ஒருவர் மாணவராக இருத்தற்கு எவ்விதத் தடையும் இருந்ததில்லை. ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரோ தாமே தமிழும் வடமொழியும் இசையும் வல்லவர். பாடம் நடக்கும்போது உடனிருந்து கேட்டு மகிழ்பவர்.

அங்குப் பாடம் நடந்த முறை இக்கால வகுப்பு முறைக்கு முற்றிலும் மாறானது. மணி அடிப்பதில்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஒரு மாணவர் ஏட்டைப் படிப்பார். ஆசிரியர் பொருள் கூறுவார். ஐயம் எழுந்தால் அவ்விடத்திலேயே நின்று, அது தீர்ந்த பின்னரே அடுத்த செய்யுள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான செய்யுட்கள் நடந்ததும் உண்டு. ஒரே செய்யுளில் பொழுது போனதும் உண்டு. ஆசிரியர் நடந்து செல்லும்போதும், வண்டியில் பயணம் செய்யும்போதும் பாடம் தொடரும். இவ்வாறு பெற்ற பயிற்சியால் மொழியின் நுட்பங்கள் மாணவர் செவியிலும் நாவிலும் ஊறின. பின்னாளில் பிழை மலிந்த ஏடுகளை ஒப்பிட்டு, இப்பாடமே மூலபாடம் என்று துணிந்து கூறும் ஆற்றல் இந்த ஊற்றத்திலிருந்தே வந்தது என்பதில் ஐயமில்லை.

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியார் தாம் வகித்த தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, அவ்விடத்திற்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றும் இல்லாத ஒருவர், ஆங்கில முறையில் நடக்கும் அரசினர் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். மடம் கொடுத்த கல்வி அவ்வளவு வலிமை உடையதாக இருந்தது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. அதே ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், இளைய பேராசிரியரைக் கண்டு, என்னென்ன நூல்கள் கற்றீர் என்று வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அவர் அடுக்கிய பெயர்கள் முதலியாரை நிறைவு செய்யவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பதே அவர் கேட்டது. மடத்தில் அந்நூலுக்கு வழக்கில்லை. அது சமண காவியம். அதனைப் பெற்றுப் படிக்கப் புகுந்த ஐயர்க்குச் சொல்லெல்லாம் விளங்கியும் சமயக் கருத்து விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடி, அவர்கள் நூலை அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறிற்று. மணிமேகலையும் சிலப்பதிகாரமும் சங்க நூல்களும் தொடர்ந்தன.

இவ்வரலாற்றில் இரு திறத்தாரும் காணத்தக்க செய்தி உண்டு. மடத்துக் கல்வி இல்லையேல் ஐயர் என்னும் ஆற்றல் இல்லை. மடத்துக் கல்வியோடு நின்றிருப்பின் சிந்தாமணிப் பதிப்பு இல்லை. சைவ மடத்தில் வளர்ந்த ஒருவர், தம் சமயத்தினின்று இம்மியும் வழுவாமல், சமணக் காவியத்துக்கும் பௌத்தக் காவியத்துக்கும் உயிரூட்டியது, சமயக் கல்வி உள்ளத்தைக் குறுக்கும் என்பார்க்குத் தக்க விடை. அம்மடத்தின் பாடத் திட்டத்தில் அந்நூல்களுக்கு இடமே இல்லாதிருந்தது, பழமை ஒன்றே போதும் என்பார்க்குத் தக்க விடை.

வண்ணார்பண்ணையில் எழுந்த சாலை

சமயப் பள்ளிக்கு இக்கால உருவம் கொடுத்தவர் யார் என்று வினவின், யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் என்றே விடை கூறல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துக்கு 1814ஆம் ஆண்டு முதல் வெசுலியன் சபையாரும், பின்னர் அமெரிக்கரும், இங்கிலாந்துத் திருச்சபையாரும் வந்து பள்ளிகளை நிறுவினர். அவையும் சமயப் பள்ளிகளே. அமெரிக்கர் வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டில் தொடங்கிய உயர்கல்விச் சாலையில் கணிதமும் வானநூலும் தமிழும் ஆழமாகக் கற்பிக்கப்பெற்றன, சி.வை. தாமோதரம் பிள்ளை போன்ற பேரறிஞர் அங்குப் பயின்றவரே. பெண் கல்விக்கு உடுவிலில் 1824ஆம் ஆண்டிலேயே விடுதிப் பள்ளி எழுந்தது. அவர்கள் செய்த கல்விப் பணியைக் குறைத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும். ஆயினும் அங்குக் கற்ற பிள்ளைகள் தம் முன்னோர் சமயத்தை இழிவென்று எண்ணுமாறு பயிற்றப்பட்டனர் என்பதும், ஏழைப் பிள்ளைக்குக் கல்வி வேண்டின் சமயம் மாறுதலே வழி என்னும் நிலை பல இடங்களில் நேர்ந்தது என்பதும் உண்மை.

1822ஆம் ஆண்டில் பிறந்த நாவலர் வெசுலியன் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலியத்தைத் தமிழாக்குவதில் உடனிருந்து உதவியவரும் அவரே. இதனால் அவர் பெற்ற பயன் பெரிது. பாதிரிமாரின் பள்ளிகள் ஏன் வெல்கின்றன என்பதை வெளியே நின்று வசை பாடியவர் அறிந்திலர். உள்ளே இருந்த நாவலர் அறிந்தார். வகுப்புப் பிரித்தல், தரத்திற்கேற்ற பாடநூல், அச்சுப் புத்தகம், மக்கள் மொழியில் பேச்சு என்னும் நான்கும் அவர்களிடம் இருந்தன. சைவரிடம் ஏடும் திண்ணையும் இருந்தன.

1847ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் முதற் பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டில் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஊதியம் தந்த பணியையும் அவ்வாண்டிலேயே துறந்தார். சாலை திறந்தாயிற்று, பிள்ளைகள் கைக்குக் கொடுக்கப் புத்தகம் எங்கே? 1849இல் மாணாக்கர் சதாசிவப் பிள்ளையோடு கடல் கடந்து சென்னைக்கு வந்து அச்சியந்திரம் வாங்கினார். இடையே திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்து 'நாவலர்' என்னும் பட்டம் பெற்றதும் அப்பயணத்தில்தான். வித்தியானுபாலன யந்திரசாலை என்னும் பெயரோடு யாழ்ப்பாணத்தில் அமைந்த அச்சகத்திலிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன.

அப்பாலபாடங்களின் அருமையை இன்றைய ஆசிரியர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். அதுவரை தமிழ்ப் பிள்ளை எழுத்தறிந்தவுடன் நேரே செய்யுளுக்குச் சென்றான். பொருள் அறியாமலே ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் நிகண்டையும் நெட்டுருச் செய்தான். நெட்டுரு தீதன்று, இளமையில் மனனம் செய்தது முதுமையில் பொருளாய் விளங்கும். ஆனால் எளிய உரைநடையில் ஒரு செய்தியைப் படித்து, தானே பொருள் கொள்ளும் பயிற்சி அதில் இல்லை. நாவலரோ சிறு சொற்களில் தொடங்கி, சிறு தொடர், பெருந்தொடர், கட்டுரை என்று படிப்படியே உயர்த்தினார். சந்தியை வேண்டுமிடத்துப் பிரித்தும், நிறுத்தக் குறிகளை இட்டும் பிழையின்றி அச்சிட்டார். அதே முறையில் இலக்கணச் சுருக்கம், சைவ வினாவிடை, பெரியபுராண வசனம் என்பன வந்தன. சமயத்தைக் காக்க எழுந்த அவர் முயற்சி தமிழ் உரைநடைக்கே நடை கற்பித்தது. 1864ஆம் ஆண்டில் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை அவரால் நிறுவப்பெற்றது. அது இன்றும் அவர் பெயரால் மேல்நிலைப் பள்ளியாக நடைபெறுகிறது.

நாவலரின் முயற்சியில் தோல்வியும் உண்டு. ஆங்கிலம் கற்றால் அன்றி அரசுப் பணி இல்லை என்று கண்ட பெற்றோர், சைவப்பற்று உடையராயினும், பிள்ளைகளைப் பாதிரிமார் பள்ளிகளுக்கே அனுப்பினர். இதனைத் தடுக்க 1872ஆம் ஆண்டில் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றை அவர் தொடங்கினார். சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வி என்பது அதன் நோக்கம். நான்கே ஆண்டுகளில், 1876இல், பொருள் முட்டுப்பாட்டால் அது மூடப்பட்டது. விழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் பொருள் கொடுத்த கைகள், பள்ளி ஆசிரியரின் திங்கள் ஊதியத்துக்கு மடங்கின போலும். இஃது அந்நாட்டுக்கும் அந்நாளுக்கும் மட்டும் உரிய குறை என்று கொள்ளுதல் வேண்டா.

மற்றொரு குறையும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நாவலர்க்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. மதமாற்றத்தை எதிர்த்து எழுந்த அவர், தம் காலத்துச் சாதி வரம்பை விட்டாரல்லர். கல்வி பெறாத குலத்துப் பிள்ளைகளைப் பாதிரிமார் அழைத்தபோது, சைவச் சாலைகள் அவர்களை அவ்வாறு அழைக்கவில்லை. ஒருவன் தன்னை உள்ளே விடாத வீட்டைக் காக்க முன்வருவதில்லை. நந்தனாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் திருத்தொண்டராய்க் கும்பிடும் சமயத்தில் இக்குறை நேர்ந்தது பெரிதும் வருந்தத்தக்கது.

நாவலர் 1879இல் மறைந்தார். அவர் இட்ட வித்து பின்னரே விளைந்தது. சைவ பரிபாலன சபை 1888ஆம் ஆண்டில் தோன்றிற்று. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் உருவாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1923ஆம் ஆண்டில் அமைந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் சிற்றூர்கள் தோறும் பள்ளிகளைத் திறந்தது. இப்பள்ளிகளில் திருமுறை ஓதிய பின் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் நடந்தன. இங்கிருந்து மருத்துவரும் பொறியாளரும் வழக்கறிஞரும் தோன்றினர். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டபோது சைவச் சங்கத்தின் பணி ஒடுங்கியது. பரமேசுவராக் கல்லூரி வளாகம் 1974ஆம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகமாயிற்று. அதனுள் சிவன் கோயில் இன்றும் இருக்கிறது.

நம் நாட்டில் இந்நாள் நிலை

தமிழ்நாட்டுத் திருமடங்கள் சென்ற நூற்றாண்டில் வேறு வழியை மேற்கொண்டன. மயிலத்தில் 1938ஆம் ஆண்டிலும், தருமபுரத்தில் 1946ஆம் ஆண்டிலும், பேரூரில் 1953ஆம் ஆண்டிலும் தமிழ்க் கல்லூரிகள் எழுந்தன. மடத்துப் பாடத்தைப் பல்கலைக்கழகத் தேர்வோடு இணைத்தன இவை. உழவர் குடியிலும் நெசவாளர் குடியிலும் பிறந்த எத்துணையோ இளைஞர் இங்கு உண்டு, உறைந்து, தொல்காப்பியமும் திருமுறையும் கற்று, வித்துவான் பட்டம் பெற்று, அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராயினர். சமயப் பள்ளி இக்காலக் கல்விக்கு என்ன செய்தது என்று கேட்பவர், தம் இளமையில் நன்னூல் கற்பித்த ஐயா எங்குப் பயின்றார் என்று விசாரித்துப் பார்க்கலாம்.

சட்டத்தின் நிலையையும் அன்பர்கள் அறிதல் நன்று. அரசுப் பொருளால் மட்டுமே நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு கூறுகிறது. அதே உறுப்பு, சமய போதனையை வேண்டும் அறக்கட்டளையால் நிறுவப்பெற்ற நிலையத்தை அரசு நிருவகிப்பினும் அவ்விலக்கு அதற்குப் பொருந்தாது என்றும் கூறுகிறது. அரசின் ஏற்போ பொருளுதவியோ பெற்ற பள்ளியில், மாணவர் இசைவும், இளையோராயின் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவும் இன்றி அதனைச் சுமத்தலாகாது என்பதும் அதன் பகுதியே. இது சமயத்துக்குப் பகை என்று சிலர் மயங்குவர். விரும்பாதார் செவியில் ஓதிய மந்திரத்தால் எவர்க்கும் பயனில்லை என்பதை உணர்ந்தார்க்கு இவ்விதி நியாயமே. மேலும், சமயங்களைப் பற்றிய அறிவைக் கற்பித்தல் வேறு, ஒரு சமயத்தில் சேர்க்கும் போதனை வேறு என்று 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. அப்பர் யார், ஆண்டாள் யார், புத்தர் யார் என்று அறிவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கல்வியே.

இனி, முழுதும் சமயக் கல்விக்கென்றே நடக்கும் பாடசாலைகளை நோக்குவோம். ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் சேர்கின்றனர். உணவும் உறையுளும் உடையும் இலவசம். உதவித் தொகையும் உண்டு. நட்டபாடைக்கு நாட்டை, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், செவ்வழிக்கு யதுகுலகாம்போதி, மேகராகக் குறிஞ்சிக்கு நீலாம்பரி என்று பண்ணும் இராகமும் ஒப்பிட்டுப் பயில்கின்றனர். விருத்தம் விரித்துப் பாடுதலும் தாளமும் பழகுகின்றனர். குரல் உடையும் பருவத்தில் மனம் தளராமல் காத்தல் ஆசிரியர்க்குப் பெரும் பணி. இத்தனையும் பயின்று வெளிவரும் இளைஞன் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். அச்சான்றிதழ் கோயிற் பணிக்கு உதவும். அப்பணி கிடைக்காவிடின்? பத்தாம் வகுப்புத் தேறாத அவனுக்கு வேறு வாயில்கள் அடைபட்டிருக்கும். சமயக் கல்விக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்கும் பெற்றோர் பெரும்பாலும் வறியவர். அவர்கள் பிள்ளையின் வாழ்வைப் பணயமாக வைத்துத் திருமுறையைக் காத்தல் அறமாகாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விடியற்காலையிலும் மாலையிலும் பண்ணிசை. இடைப்பொழுதில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று வகுத்தல் எளிது. வழக்கமான பள்ளிக்குச் செல்ல இயலாதார்க்கு 1989ஆம் ஆண்டு முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதன்வழிப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். ஓதுவார்ப் பள்ளியோ வேத பாடசாலையோ தன் மாணவர் அனைவரையும் அத்தேர்வுக்கு அனுப்புவதைக் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். அதனால் மனனம் கெடும் என்பது சிலர் வாதம். சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரிக்குச் சென்றதால் மடத்தில் கற்றதை மறந்துவிடவில்லை.

பாடத்தில் சேர்க்கத்தக்க ஒன்று உண்டு. இது பலர் நினையாதது. கோயிற் பணிக்குப் பயிலும் பிள்ளைகளுக்குக் கல்வெட்டுப் படிக்கக் கற்பித்தல் வேண்டும். திருப்பணி என்னும் பெயரால் மணலை வீச்சிட்டுச் சுவர்களைத் தூய்மை செய்ததில் எத்தனையோ கோயில்களில் எழுத்துகள் தேய்ந்து போயின. பின்னர் அம்முறை தடை செய்யப்பெற்றது. போன எழுத்து மீளவில்லை. அருச்சகரோ ஓதுவாரோ அச்சுவரை நாள்தோறும் கடந்து செல்பவர். அதில் எழுதியிருப்பது தம் கோயிலின் விளக்குக்கு யார் ஆடு விட்டார், நிலத்துக்கு எல்லை எது என்பது என்று அவர் அறிந்திருப்பின், வண்ணம் பூச வருபவரைத் தடுத்து நிறுத்தும் முதற் குரல் அவருடையதாக இருக்கும். வட்டெழுத்து வேண்டா, சோழர் காலத் தமிழெழுத்தை ஆறு திங்களில் பழகலாம்.

வாயில் யார்க்குத் திறக்கும் என்னும் பழைய வினாவும் இந்நாளில் விடை பெற்று வருகிறது. தகுதியும் பயிற்சியும் உடைய இந்துக்கள் அனைவரும் அருச்சகராகலாம் என்று தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டில் ஆணையிட்டது. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, திருவரங்கம், திருவல்லிக்கேணி ஆகிய ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. பல குலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 200 இளைஞர் ஆகமமும் பூசைமுறையும் திருமுறையும், வைணவப் பள்ளிகளில் திவ்வியப் பிரபந்தமும் பயின்று தேறினர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அந்தந்தக் கோயிலின் ஆகமத்தையும் அரசியலமைப்பையும் ஒருங்கே நோக்கி நியமனம் அமைதல் வேண்டும் என்றது. 2021ஆம் ஆண்டு ஆகசுடு 14ஆம் நாள் அப்பள்ளிகளில் பயின்றோருள் 24 பேர் பணியாணை பெற்றனர். பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் அவர்கள் காத்திருந்தனர். கற்ற மந்திரம் மறவாதிருக்க இல்லத்திலும் சிற்றூர்க் கோயில்களிலும் பூசை செய்து வந்தோரும், வேறு தொழில் பார்த்து வயிறு வளர்த்தோரும் அவருள் உண்டு. இன்னும் காத்திருப்போரும் உண்டு.

அதே ஆண்டில், சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் பெண் ஒருவர் ஓதுவாராக நியமனம் பெற்றார். காலையிலும் மாலையிலும் சந்நிதியில் நின்று அவர் திருப்பதிகம் பாடுவதைக் கேட்க வருவோரில், தம் பெண் குழந்தைகளையும் உடன் அழைத்து வருவோர் உளர்.